நரம்பைத் தேடும் பழுப்பு நிறம்

மூங்கில்துறைப்பட்டில் ஆலை அரவை தொடங்கிவிட்டால் தென்பெண்ணைக் கரையோரக் கொல்லைகளில் வெட்டாட்கள் காலையிலேயே இறங்கிவிடுவார்கள். கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நம்பி நடக்கும் வேலை இது. கல்வராயன் மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வருபவர்களும் அவர்களில் உண்டு. கரும்புச் சோகை கையைக் கிழிக்கும். அரிவாள் தவறினால் விரலைப் பதம் பார்க்கும். வெல்லக் கொட்டகையில் கொப்பரையருகே நிற்பவருக்குச் சூடு படும். சுரீர் என்று வலிப்பதால்தான் கை தானாகப் பின்வாங்குகிறது. அந்த வலியே தெரியாத கையோடு ஒருவர் இந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்பது, தொழுநோய் மிகுந்திருந்த பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் மூத்த தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்.

தொழுநோய் தோல் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். அடிப்படையில் அது நரம்பின் நோய். ஒருவருக்குத் தேமல் போன்ற படை இருக்கிறது. அதில் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியவில்லை. தோலைச் சிறிது வெட்டி பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். நுண்ணோக்கியில் வீக்க செல்களின் திரட்சி தெரிகிறது, கிருமி தெரியவில்லை. இது தொழுநோயா, தோல் காசநோயா, சார்காய்டோசிஸா? அந்தத் திரட்சிக்குள் சிதைந்த நரம்பு இருந்தால் தொழுநோய் என்ற முடிவு வலுப்படும். ஆனால் வழக்கமான சாயத்தில் சிதைந்த நரம்பு கண்ணுக்குத் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க உதவும் வழிகளில் ஒன்று, நரம்பு வளர்ச்சிக் காரணியின் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி. அதிலும் முயலின் உடலில் உருவாக்கிய பாலிகுளோனல் ஆன்டிபாடி, ஆய்வகங்களில் எளிதாகப் புழங்குவது. அதை எவ்வளவு நம்பலாம் என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆன்டிபாடி நரம்பு இருக்கும் இடத்தை நன்றாகக் காட்டும். அந்த நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பதைத் தனியாகக் காட்டாது. இந்த வேறுபாட்டை மறந்து எழுதப்படும் பயாப்ஸி அறிக்கை நோயாளிக்குத் தீங்கு செய்யும்.

பாம்பு நஞ்சில் கிடைத்த துப்பு

நரம்பு வளர்ச்சிக் காரணியின் கதை இத்தாலியின் டூரின் நகரில் தொடங்குகிறது. முசோலினியின் 1938-ஆம் ஆண்டு இனச் சட்டங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி, தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழிக் கருக்களின் நரம்புகளை ஆராய்ந்தார். 1947-இல் விக்டர் ஹாம்பர்கர் அழைப்பின்பேரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். எலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டினால் நரம்பிழைகள் அதை நோக்கிப் பெருகி வளர்வதைக் கண்டு, கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க வந்தவர் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். கரைசலில் இருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காக அவர் பாம்பு நஞ்சைச் சேர்த்தார். நரம்பு வளர்ச்சி குறையலாம், அல்லது அப்படியே இருக்கலாம் என்று எதிர்பார்த்த இடத்தில் அது பல மடங்கு கூடிவிட்டது. நஞ்சிலேயே அந்தக் காரணி ஏராளமாக இருந்தது. 1956-இல் அதை வெளியிட்டார்கள். நம் வயல்வெளிகளில் திரியும் நல்ல பாம்பின் நஞ்சிலும் இதே காரணி உண்டு. அதன் அமினோ அமில வரிசை 1976-இல் கண்டறியப்பட்டது. நஞ்சுச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பியின் இனம் என்பதால் கோஹன் அடுத்ததாக எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சோதித்தார். அங்கும் அது கிடைத்தது.

இந்தக் காரணி உடலுக்குத் தேவையானதுதான் என்பதை நிரூபித்ததே ஒரு பாலிகுளோனல் ஆன்டிபாடி என்பதைக் கவனிக்க வேண்டும். காரணியை முயலுக்குச் செலுத்தி, முயல் உருவாக்கிய எதிர்ப்புச் சீரத்தை எடுத்து, பிறந்த எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். குட்டிகளின் பரிவு நரம்பு முடிச்சுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. இது 1960-இல் வெளியானது. 1986-இல் லெவி-மொண்டால்சினிக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாலிகுளோனல் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் நம்மூருக்குப் புதிதல்ல. கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றும் விஷமுறிவு மருந்து பாலிகுளோனல் ஆன்டிபாடிதான். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துக் கொடுக்கிறது. மருந்து நிறுவனங்கள் அதைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்துகின்றன. குதிரையின் உடலில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு செல் குலங்கள் விழித்தெழுந்து, நஞ்சின் ஒவ்வொரு மூலையையும் பிடிக்கும் வெவ்வேறு ஆன்டிபாடிகளை உருவாக்குகின்றன. அந்தக் கலவையைப் பிரித்தெடுத்தால் மருந்து. ஒரே குலத்திலிருந்து, ஒரே மூலையை மட்டும் பிடிக்கும்படி எடுப்பது மோனோகுளோனல்; அதற்கான வழியைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் கண்டார்கள்.

நஞ்சை முறிக்க இந்தக் கலவைத் தன்மை பெரிய பலம். ஒரு புரதத்தை மட்டும் அடையாளம் காட்டச் சொல்லும்போது அதுவே பலமாகவும் பலவீனமாகவும் இருக்கிறது.

இரண்டு ஏற்பிகள்

காரணி கிடைத்த பிறகு, நரம்பு செல்லின் மேல் அது எங்கே போய் ஒட்டுகிறது என்ற தேடல் 1970-களில் நடந்தது. கதிரியக்க அயோடின் ஏற்றிய காரணியை வைத்துப் பார்த்தபோது இரண்டு விதமான ஒட்டுதல் தெரிந்தது. ஒன்று இறுக்கமானது, மற்றொன்று தளர்வானது. தளர்வானதன் மரபணுவை 1986-இல் மனித மெலனோமா செல்களிலிருந்து எடுத்தார்கள். மூலக்கூறு எடையை வைத்து அதற்குப் பி75 என்று பெயர். செல்லுக்கு வெளியே சிஸ்டீன் செறிந்த நான்கு மடிப்புகள், சவ்வைக் கடக்கும் ஒரு துண்டு, உள்ளே செல்லின் சாவுக்கு வழிகாட்டக்கூடிய ஒரு பகுதி என்பது அதன் அமைப்பு. இறுக்கமான ஒட்டுதலுக்குக் காரணமான டிர்க்-ஏ என்ற இன்னொரு புரதமும் இந்தக் காரணியின் ஏற்பி என்று 1991-இல் தெரியவந்தது.

ஆகவே நரம்பு வளர்ச்சிக் காரணி ஏற்பி என்று பொதுவாகச் சொல்வது போதாது. பயாப்ஸி அறிக்கைகளில் ஏற்பி என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் பி75 என்றே பொருள். டிர்க்-ஏ வலியையும் வெப்பத்தையும் உணரும் மெல்லிய நரம்பிழைகளில் இருப்பது. பி75 அவற்றில் மட்டும் நில்லாமல், நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களிலும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் பின்னால் வரும் சிக்கல் விளங்கும்.

பி75 இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1992-இல் குவோ-ஃபென் லீயும் சக ஆய்வாளர்களும் அந்த மரபணுவின் ஒரு பகுதியை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டியும் போட்டன. ஆனால் அவற்றின் தோலில் உணர்வு நரம்புகள் குறைந்திருந்தன. சூடு சரியாக உறைக்கவில்லை. கால் நுனிகளில் புண் வந்தது, அதில் கிருமித் தொற்று ஏறியது, நகம் விழுந்தது. தொழுநோய்க் கிருமி பக்கத்திலேயே இல்லாமல், உணர்வு நரம்பு குறைந்ததோடு சேர்ந்து வந்த புண் அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் கிருமியால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் மறுபடி மறுபடி அடிபடுவதால்தான் குறைந்துபோகின்றன என்று தன் நோயாளிகளின் கைகளைப் பார்த்தே சொன்னார். அந்த எலிகளின் கால்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் சொன்னதுதான் ஞாபகம் வரும்.

முயல் தரும் சீரம்

பி75-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிகளில் புகழ்பெற்றவை இரண்டு மோனோகுளோனல்கள். எலியின் ஏற்பிக்கு 192-ஐ.ஜி.ஜி., மனித ஏற்பிக்கு எம்.ஈ.20.4, இரண்டும் 1984-இல் வெளியானவை. ஒன்று பிடிக்கும் உயிரினத்தின் ஏற்பியை மற்றொன்று பிடிக்கும் என்று எண்ணக் கூடாது. பாலிகுளோனல்களில் லூயி ரைகார்ட்டின் ஆய்வகத்தில் உருவாகி 1991-இல் வெளியான ரெக்ஸ் என்ற முயல் சீரம் பெயர்பெற்றது. அது ஏற்பியின் வெளிப்பகுதியைப் பிடிக்கும், காரணி வந்து ஒட்டுவதையும் தடுக்கும். உள்பகுதியைப் பிடிக்கும் முயல் சீரங்களும் உண்டு. இன்று பல நிறுவனங்கள் இரண்டு வகையையும் விற்கின்றன.

தயாரிப்பு முறை சுருக்கமாக இதுதான். ஏற்பியின் ஒரு துண்டை ஆய்வகத்தில் செய்து, பெரிய புரதம் ஒன்றோடு இணைத்து, முயலுக்குச் சில வார இடைவெளியில் பலமுறை செலுத்துவார்கள். பிறகு இரத்தம் எடுத்துச் சீரத்தைப் பிரித்து, அதே துண்டு ஒட்டிய குழாய் வழியே ஓட்டி, ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை மட்டும் சேகரிப்பார்கள். இந்தக் கடைசிப் படி நடந்திருந்தால் சீரம் பெருமளவு சுத்தமாகும். நடக்காவிட்டால், முயலின் உடலில் ஏற்கெனவே இருந்த மற்ற ஆன்டிபாடிகளும் கூடவே வரும்.

பாலிகுளோனலுக்குள்ள பெரிய வசதி ஃபார்மலினில் தெரியும். நம் மருத்துவமனைகளில் பயாப்ஸித் துண்டு ஃபார்மலினில் போடப்பட்டு, பிறகு பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. ஃபார்மலின் புரதங்களைக் குறுக்காகப் பிணைத்துவிடும். மோனோகுளோனல் பிடிக்க வேண்டிய ஒரே மூலை அந்தப் பிணைப்பில் மறைந்துவிட்டால் சாயம் ஏறாது. பாலிகுளோனல் பல மூலைகளைப் பிடிப்பதால் இரண்டு மறைந்தாலும் மூன்றாவது அகப்படும். புரதம் குறைவாக உள்ள இடத்திலும் நிறம் தெளிவாக வரும். குறையும் இங்கேதான். பல மூலைகளைப் பிடிப்பதில் ஒன்று வேறு புரதத்திலும் இருந்தால், அந்தப் புரதத்திலும் நிறம் ஏறும். இன்னொன்று, அந்த முயல் செத்தால் அந்தச் சீரம் முடிந்தது. அடுத்த முயலின் சீரம் அதே பெயரில், அதே பட்டியல் எண்ணில் விற்கப்பட்டாலும் அது வேறு சீரம்.

ஸ்லைடில் நடப்பது

நோய்க்கூறியல் ஆய்வகத்தில் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. மெழுகில் பதித்த தோல் துண்டை மைக்ரோடோமில் நான்கு அல்லது ஐந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் மிதக்கும் சீவலை, ஒட்டும் பூச்சு பூசிய ஸ்லைடில் ஏந்துகிறார்கள். மெழுகைக் கரைத்த பிறகு, ஃபார்மலின் போட்ட பிணைப்பை அவிழ்க்க ஸ்லைடுகளை சிட்ரேட் கரைசலில் வைத்துக் கொதிக்க விட வேண்டும். பல ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுவது சமையலறை பிரஷர் குக்கரேதான். இங்கே இரண்டு நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறும். இரத்த செல்களில் இயல்பாக உள்ள நொதி நிறத்தைக் கெடுக்காமலிருக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு விடுகிறார்கள். பிறகு முயல் ஆன்டிபாடி. அதைக் கழுவி, முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி. அதன் முதுகில் பெராக்ஸிடேஸ் நொதி இருக்கும். கடைசியில் டி.ஏ.பி. என்ற கரைசல் விட்டதும், நொதி இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகிறது. ஹீமடாக்ஸிலின் தொட்டுச் செல் கருக்களை நீலமாக்கினால் படம் தயார்.

நல்ல தோலில் பழுப்பு நிறம் எங்கே வரவேண்டும் என்பது தெரிந்ததே. உள்தோலில் ஓடும் நரம்புக் கற்றைகள் அலையலையாகத் தெரியும். வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றியும், மயிர்க்காலைச் சுற்றியும், உரோமத்தை நிமிர்த்தும் தசைக்குள்ளும் மெல்லிய கோடுகள் தெரியும். ஸ்லைடிலேயே இருக்கும் இந்த நல்ல நரம்புகள்தான் முதல் சான்று. அவை பழுப்பாகாத ஸ்லைடில், திரட்சிக்குள் நரம்பு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

மும்பை, லண்டன், ரியோ, வேலூர்

தொழுநோயில் இந்த வகைத் தேடல் 1980-களின் இறுதியில் சூடுபிடித்தது. லண்டனில் ஜூலியா போலக்கின் குழு 100 தொழுநோயாளிகளின் தோலை ஆராய்ந்து 1989-இல் முடிவை வெளியிட்டது. நரம்பு செய்தி கடத்தப் பயன்படுத்தும் பெப்டைடுகள் பெரும்பாலான நோயாளிகளின் தோலில் மறைந்திருந்தன.

நம் நாட்டைப் பொறுத்தவரை முக்கியமானவை மும்பை மருத்துவர்களும் லண்டனின் பிரவீண் ஆனந்தும் சேர்ந்து செய்தவை. சுனில் பாண்டியா, உமா லடிவாலா, சிங்கால் ஆகியோர் அதில் இருந்தார்கள். தொழுநோயில் நரம்பு வளர்ச்சிக் காரணியே வற்றிப்போகிறது என்று 1994-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 1998-இலும் 2000-இலும் தொடர்ந்து வந்த கட்டுரைகளில், தோலில் உணர்வை அளக்கும் சோதனைகளையும் அதே தோலின் ஆன்டிபாடிச் சாயங்களையும் ஒப்பிட்டார்கள். காரணியோடு டிர்க்-ஏ ஏற்பியையும் பார்த்தார்கள். என் பார்வையில் இந்த வரிசையின் பெருமை அதன் முறையில் இருக்கிறது. ஸ்லைடில் தெரியும் நிறத்தை, அந்த மனிதருக்குச் சூடும் குத்தலும் தெரிகிறதா என்ற கேள்வியோடு அருகருகே வைத்தார்கள். இப்படிச் செய்யாமல் வெறும் நிறத்தை எண்ணிய கட்டுரைகள் பல உண்டு. அவற்றால் நோயாளிக்குப் பெரிய பயன் இல்லை.

பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் ஆன்ட்யூன்ஸ், சார்னோ முதலியோர், தொடக்க நிலைத் தொழுநோய்ப் படைகளில் பி75 ஏற்பி, பி.ஜி.பி. 9.5, என்.எஸ்.ஈ. ஆகிய மூன்று நரம்பு அடையாளங்களையும் ஒப்பிட்டு 1997-இல் எழுதினார்கள். நோயாளியின் தோலில் பி75-ஐ நேரடியாகத் தேடிய வேலைகளில் அதுவும் ஒன்று.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய வேலை, 1999-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. தாமஸ், மேரி ஜேக்கப், சாண்டி முதலானோருடன் தொழுநோய் நோய்க்கூறியலின் மூத்த அறிஞர் சி. கே. ஜோப்பும் சேர்ந்து, எஸ்-100 என்ற ஷ்வான் செல் புரதத்துக்கான சாயம், தொழுநோயைத் தோலின் மற்றத் திரட்சி நோய்களிலிருந்து பிரித்தறிய உதவுகிறதா என்று பார்த்தார்கள். உதவியது. ஆனால் எஸ்-100 தோலின் லாங்கர்ஹான்ஸ் செல்களையும் நிறமி செல்களையும் சேர்த்தே பழுப்பாக்கும். துண்டு துண்டாகச் சிதைந்த நரம்பு எது, கிளைவிட்ட லாங்கர்ஹான்ஸ் செல் எது என்று பிரிப்பது பழகிய கண்ணுக்கும் சிரமம். பி75 சாயத்தில் அந்தக் குழப்பம் குறைவு. பி75 ஆன்டிபாடியை நம் ஆய்வகங்கள் ஏற்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுவே.

பழுப்பு நிறம் சொல்லாதது

இனி மையச் சிக்கலுக்கு வருகிறேன். 1986-இல் டானியூச்சி, கிளார்க், ஜான்சன் ஆகியோர் எலியின் கால் நரம்பை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். வெட்டுக்குக் கீழே நரம்பிழை, அதாவது ஆக்ஸான், அழிந்தது. அங்கே பி75-உம் அழிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ். ஆக்ஸானை இழந்த ஷ்வான் செல்கள் பி75-ஐ ஏராளமாக உற்பத்தி செய்தன. உள்ளிருக்கும் கம்பி அறுந்த பின் உறை முன்பைவிட உரக்கத் தன்னை அறிவிக்கிறது.

தொழுநோய்க் கிருமி குறிவைப்பதும் அதே ஷ்வான் செல்லைத்தான். செல்லைச் சுற்றியுள்ள லாமினின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அது உள்ளே நுழைகிறது என்பதை அனுர ரம்புக்கனவின் குழு 1997-இலும் அடுத்த ஆண்டிலும் காட்டியது. நோய் முற்றும்போது ஆக்ஸான்கள் சாகின்றன. ஷ்வான் செல்கள் சில காலம் தாக்குப்பிடிக்கின்றன. அந்த நிலையில் எடுத்த பயாப்ஸியில் பி75 சாயம் பளிச்சென்று வரலாம். அதைப் பார்த்து நரம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதினால், கையில் உணர்ச்சி போன மனிதரின் அறிக்கையில் நரம்பு நலம் என்று பதிவாகும்.

ஆகவே பி75-ஐத் தனியாகப் பார்க்கக் கூடாது. ஆக்ஸானைக் காட்டும் பி.ஜி.பி. 9.5 சாயம் கூடவே வேண்டும். இரண்டும் இருந்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது. பி75 மட்டும் இருந்தால் ஆக்ஸானை இழந்த நரம்பு. இரண்டும் இல்லாமல் திரட்சி மட்டும் இருந்தால், நரம்பு முழுதாக அழிந்திருக்கலாம், அல்லது அந்தச் சீவலில் நரம்பு வராமலே போயிருக்கலாம். அடுத்த சீவலைப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பி.ஜி.பி. 9.5-க்கு அதிகம் புழங்குவதும் முயல் பாலிகுளோனல்தான். இரண்டு முயல் ஆன்டிபாடிகளை ஒரே ஸ்லைடில் போட்டால் இரண்டாவது ஆன்டிபாடிக்கு எது எதென்று தெரியாது. அடுத்தடுத்த இரண்டு சீவல்களில் தனித்தனியாகப் போடுவது எளிய வழி. பி75-க்கு மட்டும் எம்.ஈ.20.4 போன்ற சுண்டெலி மோனோகுளோனலைப் பயன்படுத்துவது இன்னொரு வழி.

பி75 நரம்புக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. அதன் மரபணு எடுக்கப்பட்டதே மெலனோமாவிலிருந்து என்பதை மேலே சொன்னேன். எலும்பு மஜ்ஜையின் ஒருவகை மூல செல்களிலும், நிணநீர்த் திரட்சியின் சில செல்களிலும், மயிர்க்காலின் பகுதிகளிலும் அது உண்டு. நிறத்தை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் பார்க்கிறவரே இந்த ஸ்லைடைப் படிக்கத் தகுந்தவர்.

ஆன்டிபாடியையே சோதிப்பது

பழுப்பு நிறம் வந்த இடத்தில் உண்மையில் பி75 இருக்கிறதா என்ற கேள்வி இன்னும் பாக்கி. கண்டிப்பான சோதனை, பி75 மரபணு இல்லாத எலியின் திசுவில் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் ஆன்டிபாடி பொய் சொல்கிறது. கேட்க எளிதாக இருக்கும் இதிலும் ஒரு பொறி இருந்தது. 1992-இல் உருவாக்கிய எலிகளில் மரபணுவின் மூன்றாவது எக்ஸான் என்ற துண்டுதான் நீக்கப்பட்டிருந்தது. அந்த எலிகளில் பி75-இன் குட்டை வடிவம் ஒன்று எஞ்சியிருக்கிறது என்று 2001-இல் ஃபான் ஷாக்கும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். குட்டை வடிவத்தில் வெளிப்பகுதியின் பெரும்பங்கு இல்லை, உள்பகுதி அப்படியே இருக்கிறது. எனவே உள்பகுதியைப் பிடிக்கும் பாலிகுளோனலை அந்த எலியில் சோதித்தால், ஆன்டிபாடி சரியாக வேலை செய்தும் பொய் சொல்வதாகத் தோன்றும். வெளிப்பகுதியைப் பிடிப்பதைச் சோதித்தால் அந்தத் தொல்லை இல்லை. தன் ஆன்டிபாடி ஏற்பியின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்பது தெரியாமல் யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆன்டிபாடிகள் மீதான அவநம்பிக்கை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. 2023-இல் ஒய்சாரோஸ் என்ற கூட்டு முயற்சி, நரம்பியல் தொடர்புடைய 65 புரதங்களுக்குக் கடையில் கிடைக்கும் 614 ஆன்டிபாடிகளை, அந்தந்த மரபணு நீக்கிய செல்களில் வைத்துச் சோதித்து வெளியிட்டது. மரபணு மறுசேர்க்கை முறையில் செய்த ஆன்டிபாடிகள் மோனோகுளோனல்களையும் பாலிகுளோனல்களையும்விட நன்றாக வேலை செய்தன. சோதனையில் தோற்ற ஆன்டிபாடிகளை நம்பி எழுதிய கட்டுரைகள் ஏராளம் என்பதும் தெரிந்தது. பாலிகுளோனலைக் குப்பையில் போட வேண்டும் என்பது இதன் பொருளல்ல. ஒவ்வொரு தொகுதியையும் வாங்கியவர் தானே சோதிக்க வேண்டும் என்பதே பொருள்.

மரபணு நீக்கிய எலி மாவட்ட மருத்துவக் கல்லூரியில் கிடைக்காது. கிடைக்கக்கூடியவை உண்டு. அறுவைச் சிகிச்சையில் வெட்டியெடுத்த ஒரு நரம்புக் கட்டியின் மெழுகுப் பிளாக்கும், நல்ல தோலின் பிளாக்கும் ஒவ்வொரு தடவையும் கூடவே ஓடட்டும். முதல் ஆன்டிபாடிக்குப் பதில் சாதாரண முயல் சீரம் விட்ட ஸ்லைடு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அந்தச் சீரத்திலும் பழுப்பு வந்தால் அன்றைய வேலை முழுவதும் செல்லாது. முயலுக்குச் செலுத்திய பெப்டைடை ஆன்டிபாடியோடு கலந்துவிட்டுப் போடும் சோதனையைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கும் என்பதைத் தவிர அது வேறெதையும் நிரூபிப்பதில்லை. திசுவில் பிடித்ததும் அதுவே என்பதற்கு அது சாட்சியாகாது.

நம் வட்டாரத்துக்கு

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கடமை உண்டு என்று நான் கருதுகிறேன். செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை எடுத்துக்கொண்டு மத்திய அரசு 1955-இல் மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. அதே 1955-இல் வேலூர் அருகே கரிகிரி மையமும், டாக்டர் ஹெமெரிக்ஸின் பொலம்பாக்கம் மையமும் தொடங்கின. இவ்வளவு தொழுநோய் அனுபவம் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது உலகில் அபூர்வம். 2005 இறுதியில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோயை இந்தியா கடந்துவிட்டதாக அறிவித்த பிறகு, அந்த அனுபவத்தின்மீது இருந்த கவனம் குறைந்தது. ஆனால் 2023-இல் உலகில் பதிவான புதிய நோயாளிகள் 1,82,815 பேரில் 1,07,851 பேர் இந்தியர்கள். நோயைக் கண்டவர்கள் குறையும்போது சந்தேகமான படைகளைச் சரியாக அடையாளம் காணும் மருத்துவர்களும் குறைகிறார்கள். அப்போது பயாப்ஸியின் பொறுப்பு கூடுகிறது.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. முன்பு மூங்கில்துறைப்பட்டுக்காரர் திருவண்ணாமலை, முண்டியம்பாக்கம், ஜிப்மர், வேலூர் என்று அலைந்த சோதனைகளில் பலவற்றை மாவட்டத்துக்குள்ளேயே செய்யும் காலம் வர வேண்டும். பி75 ஆன்டிபாடி எல்லா ஆய்வகத்திலும் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாதத்துக்கு ஓரிரு பயாப்ஸிக்காகக் குப்பியைத் திறந்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கெடுப்பதைவிட, மண்டலத்துக்கு ஒரு ஆய்வகம் நன்றாகச் செய்து, மற்றவர்கள் பிளாக்கை அங்கே அனுப்புவது மேல். அந்த ஆய்வகம் தரும் அறிக்கையில் ஆன்டிபாடியின் பெயர், பட்டியல் எண், தொகுதி எண், பிடிக்கும் பகுதி, அன்று கூடவே ஓட்டிய கன்ட்ரோல் ஸ்லைடுகளின் முடிவு ஆகியவை எழுதப்பட வேண்டும். பி75-உம் பி.ஜி.பி. 9.5-உம் ஒரே வரியில் சேர்ந்தே அறிவிக்கப்பட வேண்டும். நம் தொழுநோய் மையங்களில் உள்ள பழைய பிளாக்குகளில் இந்த இரண்டு சாயங்களையும் போட்டு, அந்த நோயாளிகளின் உணர்வுச் சோதனைப் பதிவுகளோடு ஒப்பிட்டு யாராவது எழுதினால், மும்பைக் குழு தொடங்கிய வேலை தமிழ்நாட்டில் தொடர்ந்ததாகும்.

இத்தனையும் சந்தேகமான நோயாளிகளுக்குத்தான். பெரும்பாலோருக்கு ஆன்டிபாடியே தேவைப்படாது. முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினால் அல்நார் நரம்பு கைக்குத் தட்டுப்படும். அது மறுபக்கத்தைவிடத் தடித்திருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்று பழகிய கிராமச் சுகாதாரப் பணியாளர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பால்பாயின்ட் பேனாவின் முனையால் படையின்மேல் மெல்லத் தொட்டு, கண்ணை மூடிய நிலையில் தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வது இன்றும் களத்தில் நடக்கும் நல்ல சோதனை. ஆன்டிபாடி வந்ததென்று இந்த விரலையும் பேனாவையும் கைவிட்டால் நாம் இழப்பது அதிகம்.

சோகை கிழித்தும் தெரியாத, சூடு பட்டும் உறைக்காத, நிறம் வெளுத்த அல்லது சிவந்த படை உங்கள் உடலிலோ உங்கள் வீட்டாரின் உடலிலோ இருந்தால், அது வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட வேண்டிய கூட்டு மருந்து அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. கிருமியை அந்த மருந்து கொன்றுவிடும். அதற்குள் இறந்துபோன நரம்பைத் திருப்பித் தர இன்றுவரை மருந்து இல்லை.